குருமனைக்கு இரண்டு வாசல்: பழைய ஐயர் வீட்டில் கைவைக்கும் முன் பார்க்க வேண்டியவை

சர்ச் ஐயர் குடியிருக்கும் பழைய குருமனை ஒழுக ஆரம்பித்தால் சபைக் கமிட்டி செய்கிற முதல் காரியம் காண்டிராக்டரைக் கூப்பிடுவது. அவர் வருவார், சுவரை ரெண்டு தட்டுத் தட்டுவார், "எல்லாத்தையும் கொத்திவிட்டுட்டு சிமெண்ட்டு பூசிருவோம்ணே, அம்பது வருசத்துக்கு அசையாது" என்பார். மூன்றாவது ஐப்பசியில் அதே சுவர் அப்பளமாய் உப்பி நிற்கும். அப்போது அவர் போனை எடுக்க மாட்டார்.

அவரைக் கூப்பிடும் முன் மூன்று நாள் ஒதுக்குங்கள். 30 மீட்டர் டேப், ஒரு தூக்குக்குண்டு, டார்ச், சின்னச் சுத்தியல், நீளமான ஆணி ஒன்று, கோடு போடாத நோட்டு. கூடமாட ஒருவர், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க. இவ்வளவுதான் செலவு.

நான் அரசு வேலையில் 31 வருஷம் ட்ராஃப்ட்ஸ்மேனாக இருந்தவள். என் அப்பா உபதேசியார், ஐயருக்குத் துணையாக ஊழியம் பார்ப்பவர். திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு சேகரத்தில் (ஒரு ஐயரின் பொறுப்பில் இருக்கும் சபை வட்டம்), குருமனைக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில்தான் வளர்ந்தேன். ஓய்வு பெற்ற பிறகு இப்படி ஏழெட்டுப் பழைய வீடுகளை அளந்து வரைந்து கொடுத்திருக்கிறேன். பாதிப் பேர் கேட்டார்கள், பாதிப் பேர் கேட்கவில்லை.

கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குருவானவரை எங்கள் பெரியவர்கள் ஐயர் என்றுதான் சொல்வார்கள். போப் ஐயர் என்கிற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் குடியிருக்கும் வீடு குருமனை. மதுரையில் ஐயர் பங்களா என்றால் பஸ் ஸ்டாப்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது அதை அல்ல.

இந்த வீட்டுக்குத் தாய்வீடு இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே ஊர்க் குருவானவரை விக்கர் என்றும், அவர் வீட்டை விக்கரேஜ் என்றும் சொல்வார்கள். சரியாகச் சொன்னால் நம் பக்கத்துப் பழைய பங்களாக்களில் பலவற்றைக் கட்டியது இங்கிலாந்துச் சபை அல்ல, 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன். பணம் பாஸ்டனிலிருந்து வந்தது. அவர்களுக்கு பிஷப்பும் கிடையாது, விக்கரும் கிடையாது. இரண்டு வகைச் சபைகளும் ஒன்றாகத் தென்னிந்தியத் திருச்சபை ஆனது 1947இல். ஆனாலும் வீட்டின் எலும்புக்கூடு ஒன்றேதான். மகள் யார்க்ஷயரில் கீத்லி என்ற ஊரில் நர்ஸாக இருக்கிறாள். பிள்ளைப்பேற்றுக்குப் போய் நாலு மாதம் இருந்தபோது, பஸ்ஸில் போய்ப் பார்க்கிற தூரத்தில் ஹாவொர்த் குருமனை இருந்தது. உள்ளே நுழைந்த அஞ்சாவது நிமிஷம் எனக்கு எங்கள் ஊர் வீடு வந்துவிட்டது. அதனால் இதில் இரண்டு ஊரும் மாறிமாறி வரும்.

வாசலை எண்ணுங்கள்

முதல் நாள் காலையில் வீட்டுக்குள் போகாதீர்கள். வெளியே நின்று சுற்றிவந்து, எத்தனை கதவு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை படி, எது இரட்டைக் கதவு, எது ஒற்றை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் குருமனையில் முன்பக்கம் போர்ட்டிகோ, அதற்குள் இரட்டைக் கதவு. அது விருந்தாளிக்கு. வராண்டாவின் கிழக்கு ஓரத்தில் மூன்று படி ஏறினால் ஒற்றைக் கதவு. அது எங்களுக்கு. உள்ளே ஆபீஸ் ரூம். ஞானஸ்நானச் சீட்டு வாங்க, கல்யாண ஓலை கொடுக்க, வாத்தியார் சம்பளம் வாங்க, புருஷன் பெண்டாட்டி சண்டைக்குத் தீர்ப்புக் கேட்க, எல்லாமே அந்தப் படிதான். படியின் நடுவில் கல் குழிந்திருக்கும். போர்ட்டிகோப் படி அப்படியே முனை மழுங்காமல் இருக்கும். கல்லைப் பார்த்தாலே தெரியும், அந்த வீட்டில் யார் அதிகம் நடந்தார்கள் என்று.

போர்ட்டிகோ வழியாக நான் முதன்முதலாக உள்ளே போனது, வேலையிலிருந்து ஓய்வு பெற்று, டேப்போடு அளவெடுக்கப் போன அன்றுதான்.

குருமனை முழுக்கக் குருவானவருக்குச் சொந்தமான வீடு இல்லை. பாதி வீடு சபையினுடையது. ஜனங்கள் வருவார்கள், அவர்கள் வருவது குடும்பம் சாப்பிடுகிற இடத்தைத் தொடக்கூடாது. அதற்காகத்தான் படிப்பறை வாசலை ஒட்டி வருகிறது. ஹாவொர்த் வீடு 1778இல் கட்டியது. முன்கதவு நடுவில். நுழைந்ததும் வலது கைப்பக்கம் குருவானவர் படிப்பறை, இடது கைப்பக்கம் சாப்பாட்டு அறை. 1820இல் குடிவந்த பேட்ரிக் பிராண்டே என்ற குருவானவர் 1861இல் இறக்கும்வரை அந்த வலது கைப்பக்கத்து அறையில்தான் சபைக்காரர்களைப் பார்த்தார். வந்தவர் நாலு எட்டுக்குமேல் வீட்டுக்குள் நடக்க வேண்டியதில்லை. பெரிய விக்கரேஜ்களில் இதற்கென்றே தனி வாசல் வைத்தார்கள். வேலைக்காரர்களுக்குப் பின்பக்கம் மூன்றாவது ஒன்று.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், கமிட்டிகள் முதலில் அடைக்கிற வாசல் அந்த ஓரவாசல்தான். "இது எதுக்கு, ஏசி போட்டா காத்து போகும்" என்று நாலு வரிசை செங்கல் வைத்து மூடிவிடுவார்கள். பிறகு மரணச் செய்தி சொல்ல வருகிற ஆள் ஐயரம்மா சமையலைத் தாண்டி உள்ளே வந்து நிற்பார். வீட்டில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்யாமல் விடமுடியும் என்றால், இதைச் செய்யாமல் விடுங்கள்.

அடைத்திருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். வெளிச்சுவரில் சாய்வாக டார்ச் அடியுங்கள். பூச்சின் அடியில் கதவின் செவ்வகம் மேடாகத் தெரியும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் சத்தம் மாறும். மேலே செங்கல் வளைவு இருந்தால் சந்தேகமே வேண்டாம். இங்கிலாந்திலும் இப்படி மூடிய ஜன்னல்கள் ஏராளம். அங்கே 1696 முதல் 1851 வரை ஜன்னலுக்கு வரி இருந்தது, ஒரு ஜன்னலை அடைத்தால் அவ்வளவு மிச்சம். ஆனால் மூடியதெல்லாம் வரிக்காக என்று நினைத்துவிடக் கூடாது. முகப்பின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதற்காகக் கட்டும்போதே பொய் ஜன்னல் வைத்த வீடுகளும் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் பக்கச்சீருக்காக அவ்வளவு மெனக்கெடுவார்கள்.

அளவெடுக்கும்போது கனத்தைக் கவனியுங்கள்

அறையின் நீளம் அகலம் யாரும் எடுப்பார்கள். மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டையும் எடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் அறை மூலைமட்டத்தில் இல்லை. அதைவிட முக்கியம், ஒவ்வொரு கதவிலும் ஜன்னலிலும் சுவரின் கனத்தை எடுத்து வரைபடத்தில் எழுதுவது.

கனம்தான் வீட்டின் வயதைச் சொல்லும். வெளிச்சுவர் 2 அடி, உள்சுவர் ஒன்றே கால் அடி என்று போய்க்கொண்டிருக்கும்போது, நட்டநடு வீட்டில் ஒரு சுவர் 2 அடி கனத்தில் வந்தால் நின்று பாருங்கள். அது ஒரு காலத்தில் வெளிச்சுவர். அதற்கு அந்தப் பக்கம் இருப்பது பிறகு ஒட்டியது. அந்தச் சுவரில் ஒரு அலமாரி இருந்தால், அது பழைய ஜன்னலாக இருக்கும். அலமாரிக்குள் கைவிட்டு அடியைத் தடவுங்கள், வெளிப்பக்கம் சரிவாக இருக்கும். மழைநீர் வடிய விட்ட சரிவு. நான் அளந்த ஒரு வீட்டில் ஐயரம்மா ஊறுகாய்ப் பாட்டில் வைக்கிற இடம் அப்படி ஒரு ஜன்னல்தான். "அதான் எப்பப் பார்த்தாலும் பாட்டில் சாயுதா!" என்றார்.

ஹாவொர்த் வீட்டிலும் அப்படி ஒரு ஒட்டு உண்டு. எதிரே நின்று பார்த்தால் கதவு நடுவில், மேலே அஞ்சு ஜன்னல், கீழே பக்கத்துக்கு ரெண்டு. தராசு மாதிரி இருக்கும். வலது ஓரத்தில் மட்டும் முக்கோண முகப்போடு ஒரு பகுதி அந்தத் தராசைச் சாய்க்கும். அது 1870களில் அடுத்த குருவானவர் சேர்த்தது. எந்த வழிகாட்டியும் சொல்லாமலேயே கண்டுபிடித்துவிடலாம். நான் கண்டுபிடித்ததை மருமகனிடம் சொன்னேன். அவர் காபி எங்கே கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் இந்தப் பக்கச்சீர் சூத்திரம் எல்லா விக்கரேஜுக்கும் செல்லாது. 1840களுக்குப் பிறகு பட்டர்ஃபீல்ட் போன்ற கட்டடக்கலைஞர்கள் அதைத் தூக்கிப் போட்டார்கள். க்ளாஸ்டர்ஷயரில் கோல்பிட் ஹீத் என்ற ஊரில் 1844-45இல் அவர் கட்டிய விக்கரேஜ் அந்தப் புது வழிக்குப் பேர்பெற்றது. செங்குத்தான கூரை, கனத்த புகைபோக்கி, அறைக்கு என்ன வேண்டுமோ அந்த அளவில் ஜன்னல். அப்படிப்பட்ட வீட்டில் வெளியே நின்றே எது படிக்கட்டு, எது பெரிய அறை என்று சொல்லிவிடலாம். நம் பங்களாக்கள் பெரும்பாலும் பழைய சீர்வகை. நடுவில் கூடம், இரண்டு பக்கமும் அறை, சுற்றி வராண்டா.

நோட்டில் என்ன எழுதுவது

இங்கிலாந்துச் சபையில் ஒரு பழைய வழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. டெரியர் என்று ஒரு பட்டியல். நாய்க்கும் அதே பேர்தான்; இரண்டும் மண்ணைக் குறிக்கிற லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. சபைக்குச் சொந்தமான நிலம், வீடு, தொழுவம், களஞ்சியம் எல்லாவற்றையும் அதில் எழுதவேண்டும் என்று 1604ஆம் வருஷத்துச் சபைச் சட்டமே சொல்கிறது. எத்தனை அறை, தரை மண்ணா பலகையா, மேலே கூரையா ஓடா என்றுகூட எழுதியிருப்பார்கள். நம்மூர் அடங்கல் மாதிரி, ஆனால் வீட்டுக்குள்ளும் வருகிற அடங்கல்.

அதே மாதிரி அறைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தரை என்ன, சுவர் எதனால், மேலே என்ன, கதவு எந்த மரம், எங்கே விரிசல், எங்கே ஈரம். பாத்ரூம் எந்த வருஷம் கட்டியது என்று மூப்பரைக் கேட்டு எழுதுங்கள். மூத்த பெண்களைக் கேட்பது இன்னும் நல்லது. ஆண்களுக்கு அடிக்கல் நாட்டின தேதி ஞாபகம் இருக்கும்; பெண்களுக்கு எந்த மூலை ஒழுகியது என்பது ஞாபகம் இருக்கும்.

அங்கே ஒரு குருவானவர் போனாலோ செத்தாலோ, வீட்டில் அவர் கவனிக்காமல் விட்ட பழுதுக்கெல்லாம் அவரோ அவர் வாரிசோ அந்தக் காலத்தில் பணம் கட்டவேண்டியிருந்தது. 1871இல் அதற்குத் தனிச் சட்டம் போட்டு அளவையாளர்களையும் நியமித்தார்கள். புருஷனைப் பறிகொடுத்த அம்மாவிடம் வந்து ஓட்டுக்குக் காசு கேட்டால் எப்படி இருந்திருக்கும்! கொடுமைதான். ஆனால் வீடு கணக்கில் இருந்தது. இங்கே சில வருஷத்துக்கு ஒருதரம் மாற்றல், போகிறவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை; வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்ரூம் சேர்த்துவிட்டுப் போகிறார்.

எப்போது கட்டியது என்று தெரியவில்லையா? பணம் எப்போது வந்தது என்று தேடுங்கள். இங்கிலாந்தில் 1776இல் ஒரு சட்டம் வந்தது. அந்த ஊர்க் குருவானவருக்கு வரும் வருமானத்தை ஈடுவைத்து, ரெண்டு வருஷ வரும்படி அளவுக்குக் கடன் வாங்கி வீடு கட்டிக்கொள்ளலாம் என்று. அதற்குப் பிறகுதான் அங்கே நல்ல நல்ல குருமனைகள் எழும்பின. அங்கே ஊர்க் குருவானவர்களில் ரெக்டர், விக்கர் என்று இரண்டு வகை. ரெக்டர் வீடு பெரிதாகவும் விக்கர் வீடு சிறிதாகவும் இருப்பதற்கும் பணம்தான் காரணம்: தானியத்தின் பெரிய தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, ரெக்டருக்கு, காய்கறி, ஆட்டுக்குட்டி, கோழிமுட்டை போன்ற சில்லறைத் தசமபாகம் விக்கருக்கு. பேரைப் பார்த்தாலே வீட்டின் அளவு தெரியும். நம் பக்கம் மிஷன் அறிக்கைகளிலும் சேகரப் பதிவேட்டிலும் தேடவேண்டும். பசுமலையில் செமினரி 1845இல் வந்தது, கொடைக்கானலில் முதல் இரண்டு மிஷன் வீடுகளும் அதே வருஷம்தான்.

இன்னொரு சாட்சி ஓடு. உடைந்த சீமை ஓடு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள், அடியில் கம்பெனிப் பேரும் ஊரும் புடைத்திருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் முதல் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தது 1865இல். ஆகவே அந்த ஓடு அதற்கு முன்னால் உங்கள் வீட்டில் ஏறியிருக்க முடியாது. ஆனால் ஓட்டின் வயது வீட்டின் வயது அல்ல. கூரை வேய்ந்திருந்த வீட்டுக்குப் பிறகு ஓடு போட்டிருக்கலாம். சுவர் உச்சியில் கூரைச் சரிவு மாறின தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓதம்

இரண்டாவது நாள் முழுக்க இதற்கு. அவசரப்படாதீர்கள்.

சுவரில் ஈரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். தரையிலிருந்து கிளம்பி இடுப்பளவில் அலைமாதிரி முடிந்து, ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது ஓதம், மண்ணிலிருந்து ஏறுகிறது. மேலிருந்து இறங்கி நாக்குமாதிரி நீண்டிருந்தால் மேல்தளமோ ஓடோ ஒழுகுகிறது. வெளிச்சுவரில் மட்டும், ஒரு முழ உயரத்துக்குள் இருந்தால் தூவானம் தெறித்தது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே சிமெண்ட் பூச்சு என்பது தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரை கொடுப்பதுபோல.

பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அது ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் விட்டுவிடும். அதற்கு மூச்சு உண்டு என்று எங்கள் கொத்தனார் சொல்வார். சிமெண்ட் பூசினால் உறிஞ்சுவது நிற்காது, விடுவதுதான் நிற்கும். வெளியே போக வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். உப்பு பூச்சுக்கும் செங்கலுக்கும் நடுவில் படிந்து, காயும்போது பருத்து, செங்கல்லையே மாவாக்கும். இரண்டு வருஷம் சுவர் பளிச்சென்று இருக்கும். அந்த இரண்டு வருஷத்தில் பில் செட்டில் ஆகிவிடும். கல்வீடுகளுக்குச் சிமெண்ட் வைத்துச் சந்து பூசிய பாவத்தை இங்கிலாந்தும் செய்திருக்கிறது. பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிறேன் என்று கெடுக்காதீர்கள் என்று வில்லியம் மாரிஸ் என்ற கவிஞரும் அவர் நண்பர்களும் 1877இலேயே சங்கம் வைத்தார்கள்.

பூச்சு எது என்று தெரியவில்லையா? ஆணியால் கீறுங்கள். வெள்ளையாகவோ சந்தன நிறமாகவோ பொடி உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறமாக, கீறவே விடாமல் இருந்தால் சிமெண்ட். முட்டியால் தட்டினால் டொப்பு டொப்பென்று கேட்கிற இடமெல்லாம் சுவரை விட்டுக் கழன்றுவிட்டது.

எங்கள் சேகரத்து வீட்டில் ஓதத்துக்குக் காரணம் தேடி ஒரு வாரம் அலைந்தேன். கடைசியில் அது சுவரிலேயே இல்லை. முற்றத்தில் கார் நிறுத்த வசதியாகத் தளம் போட்டிருந்தார்கள், வருஷாவருஷம் ஒரு கோட்டிங். தளம் வீட்டுத் தரை மட்டத்துக்கு வந்து, மழைத்தண்ணீர் அஸ்திவாரத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. கமிட்டியில் சொன்னேன். "தளம் போட்டது போன வருசந்தான் தாயி, அதை உடைக்கச் சொன்னா எப்படி?" என்று கேட்டார்கள். உடைத்தோம். சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு வெட்டி எடுத்து, வெளிமட்டத்தை வீட்டுத் தரையைவிட முக்கால் அடி இறக்கி, சல்லி போட்டு, தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பினோம். பூச்சில் கைவைக்கும் முன்பே பாதி ஓதம் இறங்கிவிட்டது.

ஆகவே வரிசை இது. முதலில் வெளியே மண்மட்டத்தை இறக்குங்கள். பிறகு தூவானக் குழாயும் வாய்க்காலும். அதன்பிறகு சிமெண்ட் பூச்சை உளியால் மெதுவாகக் கொத்தி எடுங்கள். மெஷின் வேண்டாம், செங்கல்லின் முகம் பிய்ந்துவிடும். சுவரை ஒரு கோடை முழுக்க அம்மணமாக விடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், சபையில் பேசுவார்கள், பேசட்டும். பூக்கிற உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் திரும்ப உள்ளே போகும்.

சுண்ணாம்பு வேலைக்குப் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஆகாது, நல்ல தண்ணீர் லாரி அடியுங்கள். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் தாளிக்கும்போது, அதாவது தண்ணீர் விட்டு நீற்றும்போது, கொதிக்கும், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள், கண்ணாடி போடாமல் யாரும் கிளறக்கூடாது. தாளித்ததை மேலே தண்ணீர் நிற்கும்படி 15 நாளாவது ஊறவிட வேண்டும். இடித்த கடுக்காயும் கருப்பட்டியும் தனித் தொட்டியில் ஊறவைத்து அந்தத் தண்ணீரில் காரை குழைப்பது நம் வழக்கம். சுண்ணாம்பு ஒரு பங்கு, மணலும் செங்கல் தூளும் சேர்ந்து இரண்டு பங்கு, இது நாங்கள் போட்டது. உங்கள் மணலுக்கு எது சேரும் என்று ஒரு கெஜ அகலம் பூசி, ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் மீதியைத் தொடவேண்டும்.

இளம் இன்ஜினியர்கள் கருப்பட்டி என்றால் சிரிக்கிறார்கள். திருமலை நாயக்கர் மகால் தூணைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரிக்கச் சொல்லுங்கள். அதுவும் செங்கல், சுண்ணாம்புதான். இங்கிலாந்தில் ஆல்ஃப்ரிஸ்டன் என்ற ஊரில் 14ஆம் நூற்றாண்டு குருமனை ஒன்று இருக்கிறது, மரச்சட்டமும் வைக்கோல் கூரையும். பழைய இடங்களைக் காப்பாற்றுகிற நேஷனல் ட்ரஸ்ட் என்ற அமைப்பு முதன்முதலாக வாங்கின கட்டடம் அது, 1896இல், 10 பவுண்டுக்கு. அதன் தரை இடித்த சுண்ணக்கல், மேலே புளித்த பால் ஊற்றி இறுக்கியது. புளித்த பாலைத் தரைக்குக் கொடுத்தவர்கள் நம் கருப்பட்டியைப் பார்த்து ஆச்சரியப்படமாட்டார்கள்.

மேலே ஏறுங்கள்

மூன்றாவது நாள். ஓட்டுக் கூரையென்றால் வெயில் நேரத்தில் உள்ளேயிருந்து அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் வருகிற இடமெல்லாம் மழையும் வரும். கைமரத்தின் முனை சுவரில் புதைகிற இடத்தில் ஆணியால் குத்துங்கள். மரம் ஆணியை எதிர்த்தால் சரி. கேக்கில் இறங்குவதுபோல் இறங்கினால் கரையானோ உளுப்போ. முழுக் கைமரத்தையும் மாற்றவேண்டியதில்லை, அழுகிய முனையை மட்டும் வெட்டிப் புது மரம் ஒட்டத் தெரிந்த ஆசாரிகள் இன்னும் இருக்கிறார்கள்.

மெட்ராஸ் டெரஸ் என்கிற தட்டையான மேல்தளம் என்றால் கீழேயிருந்து தேக்குக் கட்டைகளும் அவற்றின்மேல் குறுக்குச்சாய்வாக நிறுத்திய சின்னச் செங்கல்லும் தெரியும். அதற்கு மேலே செங்கல் சல்லியும் சுண்ணாம்பும், அதற்கும் மேலே தட்டோடு. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கியது அது. ஒழுகினால் அதன்மேல் கான்கிரீட் போடாதீர்கள். பாரம் தாங்காமல் கட்டை தொய்யும். நூல் பிடித்துத் தொய்வை அளந்து எழுதுங்கள், ஆறு மாதம் கழித்துத் திரும்ப அளந்து பாருங்கள். கூடியிருந்தால் அந்த அறையைக் காலிசெய்துவிட்டு, பழைய கட்டடம் தெரிந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அது என் வேலையும் இல்லை, கொத்தனார் வேலையும் இல்லை.

மேல்சுவரில் எதிரெதிராகச் சின்ன ஓட்டைகளும் கூரையில் கொக்கிகளும் இருந்தால் அடைக்காதீர்கள். பங்க்கா, அதாவது மேலே தொங்கவிட்டுக் கயிற்றால் இழுக்கிற விசிறி, அதன் கயிறு போன வழி. வெளியே வராண்டாவில் ஒரு பையன் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருந்திருப்பான்.

திசையைப் பற்றி ஒன்று. விக்கரேஜில் நல்ல அறையெல்லாம் தெற்கே பார்த்திருக்கும், பண்டசாலை வடக்கே. ஹாவொர்த் பக்கம் டிசம்பர் கடைசியில் உச்சிவெயில் தொடுவானத்துக்கு மேலே 13 டிகிரிதான் ஏறும். தெற்கு ஜன்னல் இல்லாவிட்டால் சூரியனையே பார்க்கமுடியாது. மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் வடக்கே போய்விடுகிறது. அதனால்தான் இங்கே வடக்குப் பக்கமும் வராண்டா வேண்டியிருக்கிறது. "வடக்குல வெயிலே அடிக்காது, வராண்டாவை ரூம் ஆக்கிக்கலாம்" என்று யாராவது சொன்னால், சித்திரை வைகாசியில் பகல் பன்னிரண்டு மணிக்கு அவரை அந்தச் சுவரில் கைவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுப்படியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே குளிருக்காக வீட்டோடு சேர்ந்திருக்கும்; இங்கே புகைக்கும் தீக்கும் பயந்து தள்ளிக் கட்டி, நடுவில் ஒரு நடை விட்டிருப்பார்கள். எல்லாரும் இப்போது உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். ஐயரம்மாக்கள் மழையில் குழம்புச்சட்டியோடு ஓடவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். அந்த நடையின் ஓட்டை மட்டும் பத்திரப்படுத்துங்கள், மாற்று ஓட்டுக்கு ஆகும்.

வேலை எந்த மாதத்தில் என்பது கடைசி. முதல் கோடையில் கொத்தி விட்டுவிட வேண்டும். ஆடி ஆவணியில் மேல்தளமும் ஓடும். ஆடிக்காற்றில் ஓடு பிரிக்கிறவர்கள் கயிறு கட்டிக்கொள்ளட்டும். ஐப்பசி கார்த்திகையில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து, எங்கே ஈரம் வருகிறது என்று மட்டும் நோட்டில் எழுதுங்கள். தை பிறந்ததும் பூச்சு. சித்திரைக்குத் தள்ளிப் போட்டால் வெயிலில் அவசரமாகக் காய்ந்து வெடிக்கும். பூசின சுவரில் ஈரச்சாக்கு கட்டி ஒரு வாரமாவது நனைத்துக்கொண்டே இருக்கவேண்டும். எங்களுக்குச் சாக்கு போதவில்லை. ஓரவாசல் படியில் உட்கார்ந்து ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ரேஷன் கடைச் சாக்கைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தார்கள்.

நோட்டை ஆபீஸ் ரூமில் ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். பீரோவில் வைத்துப் பூட்டினால் அடுத்த ஐயருக்குச் சாவி கிடைக்காது.